தோட்டி, கக்கூஸ், ஆபரேட்டர்: எல்லை கடந்த ஒரு தொழிலின் வரலாறு

பழந்தமிழில் ‘தோட்டி’ என்றால் யானையை அடக்கும் அங்குசம். பிற்கால வருவாய் ஆவணங்களில் அதே ஒலியுடைய சொல் ஊர்ப் பணியாளர் ஒருவரைக் குறித்தது. வயல் வரப்பும் எல்லைக் கல்லும் எங்கிருக்கின்றன என்று அறிந்தவர் அவர். வரி செலுத்த வேண்டியோரைச் சாவடிக்கு அழைத்து வருவதும், ஊருக்கு வரும் அதிகாரிக்கு வழி காட்டுவதும் அவர் பொறுப்பு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆங்கில ஆவணங்களிலும் ‘டோட்டி’ என்ற பெயரில் அவர் வருகிறார். தாழ்த்தப்பட்ட நிலையில் வைக்கப்பட்டிருந்த அவரிடம் ஊரின் எல்லை பற்றிய அறிவு இருந்தது. ஊர் நிர்வாகம் அந்த அறிவை நம்பி நடந்தது.

திருவிதாங்கூரின் நகரங்களில் இச்சொல் வேறொரு பொருளில் நிலைபெற்றது. அங்கே தோட்டி என்றால் மலம் அள்ளுபவர். எல்லையை அறிந்தவரின் பெயர் மலச்சட்டி சுமப்பவரின் பெயராயிற்று. ஆங்கிலத்திலும் இதையொத்த சரிவு ஒன்று உண்டு. ‘ஸ்காவெஞ்சர்’ என்ற சொல்லின் மூதாதையான ‘ஸ்கேவேஜர்’, இடைக்கால இலண்டனில் வெளியூர் வணிகரின் சரக்குக்குச் சுங்கம் வசூலித்த அலுவலரைக் குறித்தது. பின்னர் தெருத் தூய்மையைக் கண்காணிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதன்பின் அச்சொல் தெருவைக் கூட்டுபவருக்கே உரியதாயிற்று. இரு மொழிகளிலும் அலுவலுக்கு உரிய சொல், அழுக்கைத் தொட்டதும் ஆளை இழிக்கும் சொல்லாக மாறியது. அழுக்கைத் தொடும் வேலையில் இருக்கும் அறிவையும் அலுவலையும் சமூகம் எவ்வாறு பெயரிலிருந்து நீக்குகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

இன்று திருவனந்தபுரத்தின் முட்டத்தறையில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அவ்வேலையின் ஒரு பகுதியைச் செய்பவருக்கு ‘ஆபரேட்டர்’ என்று பெயர். தோட்டி என்ற சொல்லுக்கும் ஆபரேட்டர் என்ற சொல்லுக்கும் இடையே ஏறத்தாழ 130 ஆண்டுகால வரலாறு கிடக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புற ஊர்களில் நின்று பார்த்தால் அவ்வரலாறு தெளிவாகத் தெரியும். நகரைத் தூய்மையாக்க வந்த கைகளும், நகரம் வெளியே தள்ளிய அழுக்கும் இவ்வூர்களின் வழியாகவே போய்வந்திருக்கின்றன.

கன்சர்வன்சி

1894ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு நகர மேம்பாட்டுக்கும் துப்புரவுக்குமாக ஒரு சட்டத்தை இயற்றியது. அதன்படி திருவனந்தபுரம், நாகர்கோவில், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம் ஆகிய ஐந்து ஊர்களில் நகர மேம்பாட்டுக் குழுக்கள் அமைந்தன. 1920இல் திருவனந்தபுரம் நகராட்சியாயிற்று, 1940இல் மாநகராட்சியாயிற்று. இக்குழுக்களின் பணிகளில் முதன்மையானது ‘கன்சர்வன்சி’. இங்கிலாந்தில் ஆற்றைப் பேணும் அமைப்புக்கு வழங்கிய அப்பெயர், இந்திய நகரங்களில் மலத்தை அள்ளி ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கும் வேலைக்குப் பெயராயிற்று. ஆட்சியின் ஏடுகளில் கன்சர்வன்சி. மக்கள் நாவில் தோட்டிப்பணி.

அவ்வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. தென் திருவிதாங்கூரின் மலையாள ஊர்களில் வீடுகள் தனித்தனிப் புரையிடங்களில் நின்றன. ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் தென்னையும் பலாவும் மரச்சீனியும் இருந்தன; மனிதக் கழிவு அம்மண்ணிலேயே மறைந்தது. பிறர் மலத்தை வீடுதோறும் சென்று அள்ளுவது என்ற தொழில் அவ்வூர் வாழ்வில் வேரூன்றியிருக்கவில்லை. நெருக்கமான தெருக்களும் அரசு அலுவலகங்களும் சந்தைகளும் துறைமுகங்களும் பெருகிய நகரங்களில்தான் அதற்குத் தேவை எழுந்தது. அதற்காகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து, சிறப்பாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இரயில்பாதை 1979இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை தெற்கிலிருந்து தலைநகருக்கு வருவோருக்கு ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், தக்கலை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று செல்லும் சாலையே வழி. மூட்டை முடிச்சோடு வந்த குடும்பங்களும், நெல்லும் துணியும் ஏற்றி வந்த வண்டிகளும் அந்த ஒரே சாலையில் நடந்தன. அப்போது அங்கே மாநில எல்லை இல்லை. களியக்காவிளையும் பாறசாலையும் ஒரே அரசின் அடுத்தடுத்த ஊர்கள்.

வந்தவர்கள் தங்கள் தெய்வங்களின் பெயரைத் தம் பெயராகக் கொண்டுவந்தனர். 1947இல் தகழி சிவசங்கரப் பிள்ளை எழுதிய ‘தோட்டியுடெ மகன்’ நாவலில் தந்தையின் பெயர் இசக்கிமுத்து. அவன் மகன் சுடலைமுத்து. கதை நடப்பது மலையாளம் பேசும் ஆலப்புழையில். பெயர்களோ இசக்கியம்மனும் சுடலைமாடனும் நிற்கும் தமிழ் மண்ணுக்குரியவை. சுடலைமுத்து தன் மகனுக்கு மோகனன் என்று பெயர் வைக்கிறான். அப்பெயர் ஊராரின் கண்ணை உறுத்துகிறது. தோட்டியின் மகனுக்கு இத்தகைய பெயர் எதற்கு என்ற கேள்விதான் நாவலின் கூரிய இடங்களில் ஒன்று. தொழில் தலைமுறையாக இறங்குகிறது என்பதை ஊர் பெயரைக் கொண்டே உறுதிசெய்துகொள்கிறது. அவ்வுறுதியைக் குலைக்க ஒரு தந்தை பெயரையே கருவியாக எடுக்கிறான். ஆயினும் மோகனனும் தோட்டியாகவே நேர்கிறது. இந்நாவலைச் சுந்தர ராமசாமி ‘தோட்டியின் மகன்’ என்று தமிழாக்கினார். 1950களில் ‘சரஸ்வதி’ இதழில் தொடராக வந்த அம்மொழிபெயர்ப்பு, 2000இல்தான் நூல்வடிவம் பெற்றது. தமிழர் வாழ்வைப் பற்றிய ஒரு கதை மலையாளத்தில் எழுதப்பட்டு, நாகர்கோவிலில் இருந்த ஒருவர் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்தது.

‘கக்கூஸ்’ என்ற சொல்லின் பயணமும் கவனத்துக்குரியது. டச்சு மொழியின் ‘கக்ஹவுஸ்’ என்பதிலிருந்து தமிழும் மலையாளமும் அதைப் பெற்றன. கடற்கரைக் கோட்டைகளின் சொல் இரு மொழிகளின் அன்றாடப் பேச்சுக்குள் நுழைந்து, தம் சொல்லே போல் ஒட்டிக்கொண்டது. அறைக்கு அயற்சொல் வந்தது. அள்ளும் ஆளுக்கு அயலூரார் வந்தனர்.

குழாயும் பண்ணையும்

1933இல் கரமனை ஆற்றின் அருவிக்கரையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குழாய்நீர் வந்தது. திட்டத்துக்கு அன்றைய வைஸ்ராய் வில்லிங்டனின் பெயர் சூட்டப்பட்டது. வீட்டுக்குள் நீர் பெருகினால் வீட்டிலிருந்து வெளியேறும் நீரும் பெருகும். 1940களில் நகரின் மையப் பகுதிகளில் நிலத்தடிச் சாக்கடை வலை உருப்பெற்றது. கேரளத்தின் பெரும்பாலான நகரங்களுக்கு இன்றுவரை வாய்க்காத அமைப்பு அது.

குழாய் வழியே ஓடிய கழிவுநீர் வலியதுறைக் கடற்கரையை ஒட்டிய பண்ணையில் விடப்பட்டது. கழிவுநீரை மணல் நிலத்தில் பரப்பிக் கால்நடைகளுக்கான தீவனப்புல்லை வளர்த்தார்கள். ஐரோப்பிய நகரங்கள் பல 19ஆம் நூற்றாண்டில் மேற்கொண்ட முறை இதுவே. மண் வடிகட்டும், புல் உறிஞ்சும், மீதம் ஆவியாகும் என்பது அதன் கணக்கு. நகரம் சிறிதாக இருந்தவரை கணக்கு ஓரளவு சரிவந்தது. நகரம் வளர்ந்தபோது மண்ணின் தாங்குதிறன் வளரவில்லை. நகரின் மேட்டுப்பகுதிகளில் தண்ணீர் ஊற்றியதும் மறைந்த ஒன்று, கடலோர மீனவக் குடியிருப்புகளின் காற்றிலும் கிணற்றிலும் மீண்டும் தோன்றியது.

குழாய் வந்ததால் தலையில் சுமப்பது குறைந்தது. ஆனால் குழாய்க்கு ஆள்நுழைகுழி உண்டு, அது அடைத்துக்கொள்ளும், அதைத் திறந்து இறங்க ஒருவர் வேண்டும். வாளி ஏந்திய கைகளின் மரபுரிமை ஆள்நுழைகுழியின் வாய்க்கு மாற்றப்பட்டது.

1956

மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. அது கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே ஒரு கோடு விழுந்தது.

பேச்சில் அக்கோடு அவ்வளவு ஆழமாகப் பதியவில்லை. விளவங்கோட்டுத் தமிழுக்கும் பாறசாலை மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். சாக்கடையை மலையாளத்தில் ‘அழுக்குச்சால்’ என்பார்கள். அழுக்கு, சால் ஆகிய இரண்டும் தமிழருக்குப் புதியவையல்ல. ஓடையைத் ‘தோடு’ என்பது எல்லையின் இருபுறமும் புரியும். மொழி இவ்வாறு நெகிழ்ந்திருக்க, ஆவணம் இறுகிற்று. பட்டியல் சாதியினரை வரையறுக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை மாநிலவாரியானது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் வேறு மாநிலத்துக்குப் பெயர்ந்தால் அத்தகுதி அவருடன் பெயராது. 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வும் இதனை உறுதிசெய்தது. கேரளப் பட்டியலில் சக்கிலியர் பெயர் உண்டு. ஆனால் அதன் பயனைப் பெற, தம் முன்னோர் 1950க்கு முன்பே இம்மண்ணில் குடியிருந்ததற்குச் சான்று காட்டவேண்டும். நகராட்சிப் புறம்போக்கில் குடிசை கட்டி வாழ்ந்தவர்களிடம் பட்டா ஏது, பள்ளிச் சான்றிதழ் ஏது?

விளைவு இதுதான். மலம் அள்ளும் வேலை சாதியின் பெயரால் ஒருவருக்கு வந்தது. அதே சாதியின் பெயரால் அவர் பிள்ளைக்குக் கல்லூரியில் ஓர் இடம் கேட்டால், பெற்றோர் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்றாயிற்று. இழிவு எல்லையைக் கடந்து வந்தது. உரிமை எல்லையிலேயே நின்றுவிட்டது.

கழிவுநீரை நிறுத்துபவர்

1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கழிவுநீரில் தொடர்ந்து காற்றைச் செலுத்தி, அடியில் படியும் கசடைக் கொட்டிவிடாமல் அடுத்த தொகுதிக் கழிவுநீரோடு சேர்த்தால், தூய்மையாக்கும் நேரம் பன்மடங்கு குறைகிறது என்று கண்டனர். கசடில் குடியேறிய நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்கின்றன. உயிரூட்டப்பட்ட கசடு முறை என்று இதனைக் கூறலாம். இவ்வாய்வைத் தூண்டியவர்களில் ஒருவரான கில்பர்ட் ஃபௌலர், 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். அறிவு இந்தியாவுக்கு விரைவாகவே வந்துசேர்ந்தது. திருவனந்தபுரத்தில் அம்முறையின் ஒரு வடிவம் பெரிய அளவில் செயல்பட ஒரு நூற்றாண்டு பிடித்தது. முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்ட நிலையம் 2013இல் இயங்கத் தொடங்கியது.

அந்நிலையத்தில் ஆபரேட்டர் என்ன செய்கிறார்? பலரும் எண்ணுவதுபோல் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பது அல்ல அவ்வேலை. முதலில் கம்பிச் சல்லடை. துணி, நெகிழிப் பை, தலைமுடி, சானிட்டரி நாப்கின் ஆகியவை அங்கே சிக்கும். அவற்றை அகற்றாவிட்டால் அடுத்துள்ள பம்புகள் அடைத்துக்கொள்ளும். அடுத்தது மணல் படியும் தொட்டி. பிறகு காற்றூட்டும் தொட்டி. அதுதான் நிலையத்தின் வயிறு. அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்தால் நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறும். மிகுந்தால் மின்சாரம் வீண். பல மணி நேரம் மின்சாரம் நின்றால் வாரக்கணக்கில் வளர்த்த உயிர்த்திரள் நலிந்துபோகும். மழைக்காலத்தில் ஓட்டுக்கூரை நீரும் தெருநீரும் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து வேகமாக வரும்போது, அவ்வுயிர்த்திரள் அடித்துச் செல்லப்படாமல் காக்க வேண்டும்.

ஆபரேட்டர் ஒரு லிட்டர் அளவுருளையில் தொட்டிநீரை எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைக்கிறார். கசடு எவ்வளவு படிகிறது, எவ்வளவு விரைவாகப் படிகிறது, மேலே நிற்கும் நீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறார். வெண்ணிற நுரை பொங்கினால் கசடு இன்னும் இளமையானது; கரும்பழுப்பில் பிசுபிசுத்த நுரை மிதந்தால் கசடு முதிர்ந்துவிட்டது. அதைப் பொறுத்து எவ்வளவு கசடைத் திருப்பி அனுப்புவது, எவ்வளவை வெளியேற்றுவது என்று முடிவெடுக்கிறார். நல்ல கசடின் மணம் மழை நனைத்த மண்ணின் மணத்தை ஒத்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எங்கோ காற்று போதவில்லை. கருவி காட்டும் எண்ணோடு மூக்கும் கண்ணும் சொல்வதைச் சேர்த்து வாசிக்கும் அறிவு இது. தயிர் உறையும் பதத்தை அறிந்த கைக்கும், பதநீர் காய்ச்சுபவரின் கண்ணுக்கும் உறவான அறிவு.

இவ்வேலையின் வரலாற்று முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. வாளி சுமந்த தோட்டி கழிவை ஊருக்கு வெளியே கொண்டுபோனார். குழாய் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோயிற்று. பண்ணை அதை மண்ணில் பரப்பியது. ஒவ்வொரு கட்டத்திலும் வேலை என்பது கழிவை வேறோர் இடத்துக்குக் கடத்துவதாகவே இருந்தது. கழிவைக் கடத்திவிடாமல் நிறுத்தி, அதன் தன்மையையே மாற்றி, நீரை நீராகத் திருப்பித் தருவதைக் கடமையாகக் கொண்ட முதல் தொழிலாளர் ஆபரேட்டரே. அவ்வேலைக்குத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. பணிமுறை உண்டு, பதிவேடு உண்டு, பணிக்குப் பெயரும் உண்டு. பெயர் ஆங்கிலத்தில் இருப்பதும் தற்செயல் அன்று. தமிழில் ‘இயக்குநர்’ என்றால் திரைப்படத்தையோ அரசுத் துறையையோ நடத்துபவர். இயந்திரத்தை இயக்குபவருக்கு அச்சொல்லைக் கொடுக்க மொழிக்கு மனம் வரவில்லை. மலையாளத்திலும் அவர் ‘ஓப்பரேட்டர்’தான். இரு மொழிகளும் தம் பழைய சொற்கள் சுமந்துவந்த சாதியிலிருந்து விலகி நிற்க, ஓர் அயற்சொல்லைக் கடன் வாங்கியிருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு 2020இல் துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றியதும் இவ்விலகலின் மற்றொரு வடிவமே.

கீழே இறங்குபவர்

பெயர் மாறியது நல்லதே. ஆனால் எல்லோருக்கும் மாறவில்லை. 1993இல் ஒரு சட்டம் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்தது. 2013இல் வந்த இரண்டாம் சட்டம் சாக்கடைக் குழியிலும் மலத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றம், 1993க்குப் பின் சாக்கடையில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததற்குக் காரணம், இறப்பு நிற்கவில்லை என்பதே.

2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆள்நுழைகுழிக்குள் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவரும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய உள்ளூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் இறந்தனர். ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிதளவில் நாறும். செறிவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணும் கணத்தில்தான் அபாயம் உச்சத்தில் இருக்கிறது. அவ்விறப்புகள் ஏற்படுத்திய அதிர்ச்சியிலிருந்து இளம் பொறியாளர் சிலர் ‘பாண்டிகூட்’ என்னும் எந்திரத்தை உருவாக்கினர். 2018இல் திருவனந்தபுரத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. எந்திரக் கால்கள் குழிக்குள் இறங்கும். மனிதர் மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குவார். இறங்குபவரை ஆபரேட்டராக்குவதே அதன் நோக்கம்.

2024 ஜூலை 13, சனிக்கிழமை. திருவனந்தபுரம் தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியில் ஆமையிழஞ்சான் தோட்டைத் தூய்மை செய்ய இறங்கிய தற்காலிகத் தொழிலாளர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். வயது 47. ஊர் நெய்யாற்றின்கரையை அடுத்த மாராயமுட்டம். ஆமை இழைகின்ற ஓடை என்று அப்பெயரைப் பிரித்துப் பொருள் காணலாம்; இன்று அதில் இழைவது நெகிழி. தண்டவாளங்களின் கீழே இருளில் செல்லும் அப்பகுதி யாருடைய பொறுப்பு என்பதில் இரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் இடையே வழக்காடல் எழுந்தது. தீயணைப்புப் படையின் முக்குளிப்போரும் கடற்படையினரும் தேடினர். பாண்டிகூட்டைக் கண்ட நிறுவனத்தின் எந்திரங்களும் இறக்கப்பட்டன. இரண்டு நாள் கழித்து, ஜூலை 15 அன்று, சற்றுத் தொலைவில் உடல் கிடைத்தது.

மனிதர் இறங்காதிருக்கக் கண்டுபிடிக்கப்பட்ட எந்திரம், இறங்கிய மனிதரைத் தேடுவதற்குப் பயன்பட்டது. அதே நகரில், சில கிலோமீட்டர் தொலைவில், ஆபரேட்டர்கள் பணிமுறைப்படி அளவுருளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவணத்தில் அந்த ஓடை சாக்கடை அன்று, நீர்வழி. அதில் இறங்கியவருக்கும் தனியே ஒரு தொழிற்பெயர் இல்லை. அவர் ‘தற்காலிகத் தொழிலாளர்’. தோட்டி என்ற சொல்லை ஒழித்த சமூகம் அவ்விடத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டுவைத்திருந்தது. பெயர் இல்லாத வேலைக்குப் பயிற்சியும் இல்லை; பாதுகாப்புக் கயிறும் இல்லை.

இந்நிகழ்வில் ஒரு மாற்றமும் தெரிகிறது. அன்று தோட்டிகள் திருநெல்வேலியிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாக நகருக்குள் சென்றார்கள். இன்று நெய்யாற்றின்கரையின் ஊர்களிலிருந்தே தினக்கூலிக்குச் செல்கிறார்கள். மொழி மாறிவிட்டது, சாலை மாறவில்லை.

குழாய் எட்டாத ஊர்கள்

முட்டத்தறைக்குச் செல்லும் சாக்கடைக் குழாய் நகருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வீட்டுக்கு வீடு கழிப்பறை உண்டு. 2016இல் திறந்தவெளி மலங்கழிப்பு அற்ற மாநிலமாகக் கேரளம் தன்னை அறிவித்தது. ஆனால் அக்கழிப்பறைகளின் அடியில் இருப்பது குழியோ மலத்தொட்டியோ. பழைய புரையிடங்கள் துண்டுகளாகிவிட்டன. ஒரு வீட்டின் மலத்தொட்டிக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இடையே சில அடி தூரமே. மலத்தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலிசெய்ய வேண்டும் என்பது விதி. காலிசெய்ய லாரி வரும். லாரி எங்கே கொட்டுகிறது என்பதே கேள்வி. உரிமம் பெற்ற லாரிகள் முட்டத்தறைக்குச் செல்ல ஏற்பாடு உண்டு. இருள் சூழ்ந்த நேரத்தில் ஓடைக்கரையில் நிற்கும் லாரிகளும் கேரளம் எங்கும் உண்டு.

நிலையம் வேண்டும் என்று எல்லோரும் ஒப்புவார்கள். தம் ஊரில் வேண்டாம் என்பார்கள். 2022இல் கோழிக்கோட்டின் ஆவிக்கல் தோட்டில் கழிவுநீர் நிலையத்தை எதிர்த்து மக்கள் போராடினார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, அது அநீதி. திருவனந்தபுரத்தின் குப்பை 2000ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலைக் கிராமத்துக்குச் சென்றது. ஊறிய கசிநீர் ஓடையில் கலந்தது. 2011 இறுதியில் அவ்வூர் மக்கள் நிலையத்தை மூடச் செய்தார்கள். நகரின் வாக்குறுதியை ஒருமுறை நம்பிய கிராமத்தின் நினைவு அடுத்த கிராமத்துக்கும் சென்றுசேரும்.

இடம் கிடைக்காத கழிவு எல்லையைத் தேடும். களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் கேரளத்துக் கழிவு லாரிகள் பிடிபடுவது குமரி மாவட்டத்தாருக்குப் பழகிய செய்தி. 2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைக்குப் பின் கேரள அரசு லாரிகளை அனுப்பி அதைத் திரும்ப அள்ளிச் சென்றது. நூறாண்டுக்கு முன் எந்தச் சீமையிலிருந்து அழுக்கை அள்ள மனிதர்கள் அழைக்கப்பட்டார்களோ, அந்தச் சீமைக்கே அழுக்கு போய்ச்சேர்ந்தது.

இதைத் தமிழருக்கும் மலையாளிக்கும் இடையிலான வழக்காகப் படிப்பது பிழை. தமிழ்நாட்டு நகரங்களின் சாக்கடைக் குழிகளிலும் ஆண்டுதோறும் மனிதர் இறக்கிறார்கள். அந்நகரங்களின் குப்பையும் அவற்றின் விளிம்பிலுள்ள ஊர்களுக்கே போகிறது. இவ்வழக்கின் இரு தரப்பு நகரமும் அதன் விளிம்பும். நகரம் விளிம்பிலிருந்து உழைப்பை இழுத்துக்கொள்கிறது. தன் கழிவை விளிம்புக்குத் தள்ளுகிறது. மாநில எல்லை அவ்விளிம்பின்மீது போடப்பட்ட ஒரு கோடு. உரிமை கேட்பவரை அது தடுக்கும். லாரியை எப்போதாவதுதான் தடுக்கும்.

ஆகவே ஆபரேட்டர் என்ற தொழில் இவ்வூர்களுக்கு வருமா என்பது பொறியியல் கேள்வி மட்டும் அன்று. நெய்யாறு அகத்தியர் மலையில் பிறந்து, இவ்வூர்களைக் கடந்து, பூவாற்றில் கடலைச் சேர்கிறது. அதன் கரையில் சில ஊராட்சிகளுக்குப் பொதுவாக ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையம் அமைந்தால், மலத்தொட்டி லாரிக்குச் செல்ல ஓர் இடம் இருக்கும். கிணற்றுக்கு ஒரு காவல் இருக்கும். தினக்கூலிக்குத் தலைநகரின் ஓடையில் இறங்கும் ஒருவருக்குத் தன் ஊரிலேயே சான்றிதழோடும் சம்பளத்தோடும் ஒரு வேலை இருக்கும். அதற்கு முதலில் ஊர் அவ்வேலையை மதிக்க வேண்டும். தோட்டி ஒரு காலத்தில் ஊரின் எல்லையை அறிந்தவர். நீர் எங்கிருந்து வருகிறது, எந்த நிலையில் ஊரை விட்டுச் செல்கிறது என்பதை அறிந்த ஒருவரை ஊர் மீண்டும் அமர்த்திக்கொண்டால், அச்சொல் இழந்த பொருளில் ஒரு பகுதியேனும் திரும்பக் கிடைக்கும்.